மொழிப் படிப்பும் மாத ஊதியமும்



ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்தவுடன் நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரு மௌனம் நிலவுவதுண்டு. நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை, பொறியியல் வேண்டாம், தமிழோ ஆங்கிலமோ படிக்கிறேன் என்று சொல்லிவிட்டதனால் எழும் மௌனம் அது. பிறகு தந்தையார் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "படித்துவிட்டு என்ன செய்வாய்?" இக்கேள்வியை மொழிப் பற்று இல்லாதவர் கேட்கும் கேள்வி என்று இகழ்வது முறையன்று. நிலத்தின் வருவாயையும், வீட்டுக் கடனையும், அடுத்துப் படிக்க வேண்டிய தம்பி தங்கையரையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பவர் கேட்கும் கேள்வி அது. அதற்குக் கிடைக்கும் விடைகளே குறையுடையவை. ஒருசாரார், "மொழி சோறு போடாது" என்று ஒரே சொல்லில் கதவை அடைப்பர். மற்றொரு சாரார், தாய்மொழியைப் படிப்பதற்கு வருவாய்க் கணக்கா என்று கடிந்துகொள்வர். இருசாராரும் கணக்கைப் பார்ப்பதில்லை. இவ்வுரை அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்கிறது.

கல்வியையும் பொருளையும் சேர்த்துப் பேசுதல் தமிழ் மரபுக்குப் புறம்பானதும் அன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் வகுத்தார். நூல் கேட்பதற்கு உரியவர் யார் எனக் கூறுமிடத்தில், ஆசிரியரின் மகன், அரசனின் மகன், வழிபடுவோன், விரைந்து உணர்வோன் ஆகியோரோடு பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் சேர்த்தே எண்ணினார். துறவியாகிய அவர், ஆசிரியர்க்கும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை மறக்கவில்லை. பிற்காலத்திலும் நிலை இதுவே. 1880 ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையரின் தொடக்க ஊதியம் மாதம் 50 ரூபாய். அந்த நிலையான வருவாய் தொடங்கிய பின்னரே சீவக சிந்தாமணி அவர் கைக்கு வந்தது. அவ்வூர்ச் சமண இல்லங்களுக்குச் சென்று பொருள் கேட்டுத் தெளிந்து, 1887 இல் அதனை அச்சிட்டார். மாத ஊதியம் இல்லாதிருந்தால் அந்தத் தேடல் நடந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

இனி இன்றைய நிலையைக் காண்போம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. இவற்றோடு அகவிலைப்படி சேரும். 2025 ஜூலை முதல் அது 58 விழுக்காடு. ஆகவே ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கப் புதிதாகப் பணியேற்கும் பட்டதாரி ஆசிரியர், அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 57,512 ரூபாய் பெறுவார். முதுகலை ஆசிரியர் பெறுவது 58,302. வீட்டு வாடகைப்படி முதலியன வேறு. ஆண்டுக்கு 3 விழுக்காடு ஊதிய உயர்வும் உண்டு. இந்த அட்டவணை பாடத்தைப் பார்ப்பதில்லை. கணிதம் கற்பிப்பவருக்கும் தமிழ் கற்பிப்பவருக்கும் ஊதியம் ஒன்றே. பண்டிதர் என்று தனியே பெயரிட்டுப் பிற பாட ஆசிரியரினும் குறைத்துக் கொடுத்த காலம் நெடியது, அது கடந்துவிட்டது.

கல்லூரிக்குச் சென்றால் தொகை இன்னும் உயரும். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அதே அகவிலைப்படியைச் சேர்த்தால் 91,166. இதைக் கேட்டவுடன், மொழிப் படிப்பு சோறு போடாது என்ற சொல் பொய்யாகிவிடுகிறது.

எனினும் இத்துடன் நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைச் சொன்னதாகவே முடியும். அதே அரசுப் பள்ளியில், அதே வகுப்பறையில், அதே பாடநூலை வைத்துக்கொண்டு கற்பிக்கும் தற்காலிக ஆசிரியர் ஒருவர் இருக்கக்கூடும். 2022 இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தியபோது, பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் 10,000 ரூபாய் என்று அறிவித்துப் பின்னர் 15,000 ஆக உயர்த்தினர். முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்பது 18,000 ஆயிற்று. கல்லூரியிலும் இதே இரட்டை நிலைதான். பல்கலைக்கழக மானியக் குழு 2019 இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம், மாதத்திற்கு 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று நெறிமுறை வகுத்தது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் பெற்றுவந்ததோ 25,000 ரூபாய் என்ற அளவே. முனைவர் பட்டம் பெற்றுப் பதினைந்து ஆண்டுகளாக அந்நிலையிலேயே இருப்போரும் உளர். சிற்றூர்களின் தனியார் பள்ளிகளில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் பெற்றுக்கொண்டு, பள்ளிப் பேருந்தில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் பணியையும் சேர்த்துச் செய்யும் முதுகலைத் தமிழ்ப் பட்டதாரிகளை நாம் அறிவோம்.

ஆகவே மொழிப் படிப்புக்கு வேலை உண்டா என்ற கேள்வியே சற்றுத் திருத்தப்பட வேண்டியது. வேலை உண்டு. நிலையான பணியிடத்தில் அமர்ந்தவருக்கும் அமராதவருக்கும் இடையே மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேறுபாடும் உண்டு. ஒரே பட்டம், ஒரே உழைப்பு. இடையில் நிற்பது காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு எத்தனை ஆண்டு, அதுவரை அந்தப் பிள்ளையை யார் தாங்குவது, தாங்கும் காலத்தில் அப்பிள்ளை வேறு எதனைக் கற்றுக்கொள்வது என்பனவே பெற்றோர் கேட்க வேண்டியவை.

கணக்கிட்டுப் பார்க்கலாம். பதினெட்டாம் வயதில் கல்லூரியில் சேரும் மாணவி, இளங்கலை மூன்றாண்டும் கல்வியியல் பட்டமாகிய பி.எட். இரண்டாண்டும் முடிக்கும்போது வயது 23. முதுகலையும் சேர்ந்தால் 25. பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்தது 2015 முதல் ஈராண்டாயிற்று என்பதைப் பழைய தலைமுறையினர் பலர் அறியாமலே கணக்கிடுகின்றனர். 25 வயதில் தகுதி பெற்றவர் 30 வயதில் பணியமர்ந்தார் என்று வைத்துக்கொண்டால், இடைப்பட்ட ஐந்தாண்டுகள் 15,000 ரூபாயில் கழிகின்றன. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க ஊதியத்தோடு ஒப்பிட, மாதந்தோறும் 42,512 ரூபாய் குறைவு. அறுபது மாதங்களுக்கு அது ஏறத்தாழ இருபத்தைந்தரை இலட்சம். பொறியியல் கல்லூரிக்குக் கட்டும் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிறது. மொழி மாணவர் இவ்வாறு கட்டும் கட்டணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெண்பிள்ளைகளுக்கு இதே ஐந்தாண்டுகளில்தான் திருமணப் பேச்சும் நடைபெறுகிறது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண், புகுந்த வீட்டில் புத்தகத்தை மூடிவைத்த கதை நம் ஊர்களில் அரிதன்று. சம்பந்தம் பேசும்போது நகையைப் பற்றிப் பேசுவோர், "இன்னும் இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும், அதற்கு இடம் தருவீர்களா?" என்றும் கேட்டுவிடுதல் நலம்.

நேரடி நியமனத்திற்கான வயது வரம்பு 2023 இல் பொதுப் பிரிவினருக்கு 53 எனவும், ஏனைய பிரிவினருக்கு 58 எனவும் உயர்த்தப்பட்டது. ஓய்வு பெறும் வயது 60. ஐம்பத்தெட்டு வயதிலும் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது சலுகையா, காத்திருப்பின் நீளத்திற்கு அரசே எழுதிக்கொடுத்த சான்றா என்பதைக் கேட்போரே முடிவு செய்யலாம்.

காத்திருப்பு நீண்டதற்குக் காரணங்கள் பல. ஓய்வு பெறும் வயதை 58 இலிருந்து 2020 இல் 59 ஆகவும், 2021 இல் 60 ஆகவும் உயர்த்தியதனால், ஈராண்டுக் காலம் காலியாக வேண்டிய இடங்கள் காலியாகவில்லை. அதனினும் ஆழமான காரணம் தொட்டிலில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் சராசரி 1.8. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் வகுத்துள்ளது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் உபரியாகும். பெற்றோர் அரசுப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளியை நாடும்போதும் இதுவே நிகழ்கிறது. தம் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, மகளுக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைக்கவில்லையே என்று வருந்துவோர் இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பார்ப்பதில்லை.

தகுதித் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு முதன்முதலில் 2012 இல் நடைபெற்றது. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கு இது கட்டாயம். பட்டதாரி ஆசிரியர்க்குரிய இரண்டாம் தாள் 150 வினாக்கள் கொண்டது. குழந்தை வளர்ச்சியும் உளவியலும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30. எஞ்சிய 60 வினாக்கள் கணிதமும் அறிவியலுமாகவோ சமூக அறிவியலாகவோ அமையும். தமிழ் இலக்கியம் படித்தவர் அந்த 60 வினாக்களுக்கு வரலாறும் புவியியலும் குடிமையியலும் படித்தாக வேண்டும். சங்க இலக்கியத்தில் தோய்ந்தவர்கள் தீர்க்கரேகையிலும் பருவக்காற்றிலும் மதிப்பெண் இழந்து தோற்றுப்போவது இதனாலேதான். இதை முன்னரே அறிந்தவர், இளங்கலை முதலாண்டிலேயே ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள சமூக அறிவியல் பாடநூல்களை எடுத்துவைத்துப் படிக்கத் தொடங்கலாம். இத்தேர்வில் வென்றாலும் வேலை உறுதியன்று. 2018 இல் வந்த அரசாணைப்படி, தகுதித் தேர்வில் வென்றவர் நியமனத்திற்கு மற்றுமொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்கோ தகுதித் தேர்வு தேவையில்லை. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு ஒன்றே வாயில். முதுகலை வரை படிக்க வசதி உள்ளவர்க்கு இந்த வழி நேரானது.

2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, முன்னரே பணியில் இருப்போரையும் இந்தத் தேர்வு மண்டபத்திற்கு அழைத்துவிட்டது. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்பது அத்தீர்ப்பு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற வினா மட்டும் பெரிய அமர்வின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது. சமுதாய அறக்கட்டளைகளின் பள்ளிகளில் பணியாற்றும் நம் பிள்ளைகள், அம்முடிவு வரட்டும் என்று இருந்துவிடாமல், தேர்வை எழுதி வென்றுவைப்பது பாதுகாப்பு.

தனியார் பள்ளிகளில் தமிழாசிரியரின் ஊதியம் ஏன் தாழ்ந்தே கிடக்கிறது? பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே கணக்கில் கொள்ளப்படுகின்றன. தமிழ் மதிப்பெண் அங்கே எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத பாடத்திற்குத் தனிவகுப்பு வைக்க யாரும் வருவதில்லை. தனிவகுப்பு இல்லாத ஆசிரியரைப் பள்ளி இழக்க அஞ்சுவதுமில்லை. இயற்பியல் ஆசிரியர் விலகப்போவதாகச் சொன்னால் நிர்வாகம் ஊதியத்தை உயர்த்துகிறது. தமிழாசிரியர் அவ்வாறு சொன்னால், விண்ணப்பங்கள் மேசையில் இருக்கின்றன என்ற விடை கிடைக்கிறது. தமிழ்ப் பற்று மிகுந்த ஊர்களிலும் நடப்பது இதுவே.

ஆயினும் இக்கதவு முழுவதும் மூடிவிடவில்லை. 2006 இல் இயற்றப்பட்ட சட்டம் தமிழைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியது. அது படிப்படியாகப் பத்தாம் வகுப்பை எட்டியது. மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் 2015-16 முதல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அந்தக் கட்டாயம் ஏறிவந்தது. ஆதலின் சென்னையிலும் கோவையிலும் ஓசூரிலும் உள்ள பெரிய பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் தேவை. அங்கே வேறு தாய்மொழிப் பிள்ளைகளுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. அகத்திணை விளக்குவது வேறு; வீட்டில் இந்தியோ குசராத்தியோ பேசும் எட்டு வயதுக் குழந்தைக்கு ழகரத்தை நாவில் ஏற்றுவது வேறு. இந்த இரண்டாவது திறனை நம் தமிழ்த் துறைகள் போதிய அளவு கற்றுத்தருவதில்லை. அதனைப் பயின்றவர், ஆங்கிலத்திலும் இயல்பாகப் பேசக்கூடியவராயின், சிற்றூர் ஊதியத்தினும் மேலான ஊதியத்தைக் கேட்டுப் பெற முடியும்.

2021 டிசம்பரில் வெளிவந்த அரசாணையும் குறிப்பிடத்தக்கது. அதன்படி அரசுப்பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளில் குறைந்தது 40 விழுக்காடு பெறாதவரின் ஏனைய விடைகள் மதிப்பிடப்படா. ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுகளிலும் அத்தகைய தகுதித்தாள் வந்துவிட்டது. விளைவாக, மாவட்டத் தலைநகர்தோறும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களில் இலக்கணம் நடத்தத் தமிழ்ப் பட்டதாரிகள் வேண்டப்படுகின்றனர். அங்கே வகுப்புக்கு இவ்வளவு என்று ஊதியம் பேசுவர். காத்திருக்கும் ஆண்டுகளை வறுமையின்றிக் கடக்க இது ஒரு வழி. தாமும் அதே தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொள்ள அதுவே பயிற்சியுமாகும்.

கல்லூரிப் பணியை நாடுவோர் தெளிவாக அறிய வேண்டியது தேசியத் தகுதித் தேர்வாகிய நெட். அதிலோ மாநிலத் தகுதித் தேர்விலோ வென்றிருந்தால், முனைவர் பட்டம் இல்லாமலும் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2023 இல் விதி திருத்தப்பட்டது. நெட் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுவோர்க்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கிறது. 2023 சனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய், ஈராண்டுக்குப் பின் 42,000. தனியார் கல்லூரிகளில் முழுநேரம் உழைக்கும் விரிவுரையாளர் பலர் பெறுவதைக் காட்டிலும், படித்துக்கொண்டே பெறும் இத்தொகை மிகுதி! முதுகலைத் தமிழ் முதலாண்டு மாணவர் இலக்காகக் கொள்ள வேண்டியது இதனை. நியமனம் மட்டும் விரைவில் வரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. 2024 மார்ச்சில் அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடக்கவிருந்த தேர்வு ஒத்திவைக்கப்பட்டது.

ஆங்கில இலக்கியம் படித்தவர்க்குப் பொறியியல் கல்லூரிகளும், மென்திறன் பயிற்சி நிறுவனங்களும், வெளிநாடு செல்வோர் எழுதும் ஐஈஎல்டிஎஸ் தேர்வுக்கான பயிற்சி மையங்களும் உள்ளன. இங்கும் ஒரு சொல் எச்சரிக்கையாக வேண்டும். மில்டனையும் சேக்சுபியரையும் அறிந்திருப்பதும், தயங்கித் தயங்கிப் பேசும் இளைஞனை ஆங்கிலத்தில் பேசவைப்பதும் ஒன்றல்ல. கேம்பிரிட்சு வழங்கும் செல்டா போன்ற 120 மணி நேரப் பயிற்சிகள் இரண்டாவதற்கே உரியவை. அயல்மொழிகளில் இன்று செர்மானிய மொழிக்குத் தேவை மிகுதி. செவிலியராக அந்நாட்டுக்குச் செல்வோர் பி1, பி2 என்னும் நிலைகள் வரை மொழி கற்க வேண்டியிருப்பதால், அம்மொழியைக் கற்பிப்போரும் தேடப்படுகின்றனர். தமிழை முறையாகப் படித்து இலக்கண உணர்வு பெற்ற மாணவர்க்கு வேற்றுமை உருபுகள் நிறைந்த செர்மன் மொழி அச்சம் தருவதில்லை.

மொழிபெயர்ப்புத் துறையை நம்பிச் சேர்வோர் கவனத்துடன் இருத்தல் வேண்டும். நடுவண் அரசு 2022 இல் தொடங்கிய பாஷினி போன்ற திட்டங்களும், கணினி நிறுவனங்களின் மென்பொருள்களும் சாதாரண மொழிபெயர்ப்பைக் கணப்பொழுதில் செய்துவிடுகின்றன. பக்கத்திற்கு இவ்வளவு என்று வாங்கிவந்த ஊதியம் குறைந்து, கணினி செய்ததைத் திருத்தும் கூலியாக மாறிவருகிறது. சட்டம், மருத்துவம், இலக்கியம் என்று ஒரு துறையறிவும் உடன் பெற்றவர் மட்டுமே இதில் ஊன்றி நிற்பர்.

பலர் அறியாத ஒரு துறை பேச்சு மொழிப் பயிற்சி. பேச்சு தாமதமாகும் குழந்தைகள், செவித்திறன் குறைந்தோர், பக்கவாதத்தால் சொல் இழந்த முதியோர் ஆகியோர்க்கு மொழியை மீண்டும் கற்பிக்கும் பணி அது. பி.ஏ.எஸ்.எல்.பி. என்னும் பட்டப் படிப்பு, பயிற்சிக் காலம் உட்பட நான்காண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்திருக்க வேண்டும். மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதில் தலையாயது. சென்னைப் போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்திலும் உண்டு. படித்தவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்து மருத்துவமனையிலோ தாமாகவோ பணி செய்யலாம். தமிழ் பேசும் தாயின் குழந்தைக்குத் தமிழிலேதான் சொல் வரவேண்டும். ஆகையால் வேறு மாநிலத்தவரோ கணினியோ இவ்விடத்தை எளிதில் நிரப்ப இயலாது. அறிவியல் படித்த, மொழியிலும் ஆர்வமுள்ள பிள்ளை, இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இத்துறை சான்று.

பிராகிருதத்தைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். 2024 அக்டோபரில் அதற்குச் செம்மொழித் தகுதி வழங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமணவியல் துறை உள்ளது. இராசத்தானில் லாட்னுன் நகரிலுள்ள ஜைன விஸ்வ பாரதி நிறுவனத்தில் பிராகிருதப் பட்டப் படிப்புகள் உண்டு. தமிழும் பிராகிருதமும் ஒருங்கே அறிந்தவர் மிகச் சிலரே என்பதால் ஆய்வுக்குக் களம் விரிந்து கிடக்கிறது. ஆயினும் செம்மொழித் தகுதி வந்தவுடன் பணியிடங்கள் வந்துவிடுவதில்லை. தமிழுக்கு 2004 இல் அத்தகுதி கிடைத்தது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் சென்னைக்கு வந்தது 2008 இல்தான். பிராகிருதத்தை மட்டுமே நம்பி ஒரு பிள்ளையை அனுப்புவது தகாது. தமிழிலோ வரலாற்றிலோ முதுகலைப் பட்டமும் நெட் தகுதியும் கையில் வைத்துக்கொண்டு, அதனோடு பிராகிருதம் கற்கலாம். அவ்வாறு கற்க முன்வரும் ஒருவர்க்கு இரண்டாண்டு உதவித்தொகை வழங்குவது நம் அறக்கட்டளைகளால் இயலாத செயலன்று.

இந்தக் கணக்கையெல்லாம் பார்த்தபின், மொழிப் படிப்பின் பெரிய வலிமை ஒன்று புலப்படும். தொடக்கச் செலவு குறைவு. செய்யாறு, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களின் அரசு கலைக் கல்லூரிகளுக்கு நம் ஊர்கள் பலவற்றிலிருந்து வீட்டிலிருந்தே சென்றுவரலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகட்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகட்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கடன் இன்றிப் பட்டம் பெற்றவர், காத்திருப்பையும் அச்சமின்றித் தாங்குவார். தனியார் கல்லூரியில் பெருந்தொகை கட்டிக் கடனுடன் மொழிப் பட்டம் வாங்குவதே ஆபத்தானது.

தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசு நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டு. 2020 இல் செய்த திருத்தத்தின்படி, பட்டப் படிப்பு மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலவழியைத் தேர்ந்த பெற்றோர், இருபது ஆண்டுக்குப் பின் வரப்போகும் இந்த வாயிலைத் தம்மை அறியாமலே அடைத்துவிட்டனர். தமிழ்வழியில் படித்தவர்களோ, அதற்குரிய சான்றிதழை ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் கல்லூரி முதல்வரிடமும் தனித்தனியே பெற வேண்டும். அறிவிக்கை வந்தபின் ஓடத் தொடங்கினால், தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருக்கும், அல்லது பழைய பதிவேடு கிடைக்காது. பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்பதையும் அப்போதே ஒப்பிட்டுவிட வேண்டும். இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் பிள்ளைகள், வரும் கோடை விடுமுறையிலேயே இச்சான்றிதழ்களை வாங்கி ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.